துரையின் இடது பூட்ஸ்

மாலை வெயில் தாழ்ந்ததும், பூங்கா வாசலுக்கு எதிரே இருக்கும் பேக்கரியிலிருந்து பயணம் புறப்பட்டது. கயிறு ஒரு சுருள், தலையில் மாட்டும் விளக்கு, முதலுதவிப் பை, திசைகாட்டி, சில நாளைக்குப் போதுமான கடலை மிட்டாய் எல்லாம் தயாராக இருந்தன. போய்ச் சேர வேண்டிய இடம் பேக்கரி மேசையிலிருந்தே தெரிந்தது. நடுவில் இருந்தவை ஒரு சாலை, ஒரு பலூன்காரர், ஒரு சறுக்குமரம்.

"எல்லாரும் தண்ணி பாட்டில் நிரப்பிக்கிட்டீங்களா?" என்று கேட்டார் கேப்டன் அமலதாஸ்.

"உள்ளதான் குழாய் இருக்கே," என்றாள் தமயந்தி.

"களத்துல எதையும் நம்பக் கூடாது சிஸ்டர்."

அமலதாஸ் எந்தப் படைக்கும் எந்தக் கப்பலுக்கும் கேப்டனாக இருந்தவர் அல்ல. பள்ளிக் கிரிக்கெட் அணிக்கு ஒரு பருவம் தலைமை தாங்கியிருக்கிறார். இப்போது வீடுகளுக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்குப் பைகள் வைத்த காக்கி மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு தேடலுக்குக் கிளம்புவார். கழுத்தில் ஆரஞ்சு நிற ஊதல் ஒன்று எப்போதும் தொங்கும். அதில் அவருடைய நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கும். இயந்திரம் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஓர் ஊதல் இலவசம். தண்ணீருக்கும் ஊதலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை.

அவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்காவது ஒளித்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் கருவியைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டிக்குள் சில்லறைப் பொருள்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால், அதே மதிப்போ அதற்கு மேலான மதிப்போ உள்ள இன்னொன்றை வைக்க வேண்டும். ஆட்டத்தில் இல்லாத யாரும் பார்த்துவிடக் கூடாது. அவர்களுக்கு 'வெளியாள்' என்று பெயர். நூற்று நாற்பது கோடிப் பேர் சந்தையிலும் சாலையிலும் நடமாடும் ஒரு நாட்டில், அவர்களுடைய கண்ணில் படாமல் பிளாஸ்டிக் டப்பாவைத் தேடுவதுதான் இந்த ஆட்டத்தின் வீரம்.

தமயந்தி இந்த ஆட்டத்தில் இல்லை. அவளுடைய கணவன் சிவப்பிரகாசம் இருந்தான். காப்பீட்டு நிறுவனத்தில், மோதிய வண்டிகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுகிற வேலை. அடுத்தவருடைய கவனக்குறைவைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன்.

முந்தின நாள் நடந்தது இதுதான். தமயந்தியின் தாலிக்கொடியில் கோத்திருந்த லட்சுமி காசு ஒன்றின் வளையம் விட்டுப்போயிருந்தது. மறுநாள் கழிந்தால் ஆடிப்பெருக்கு. காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து புதுக் கயிறு மாற்றிக் கட்டிக்கொள்ளும் நாள். மாமியார், நாத்தனார்கள், ஓரகத்தி எல்லோரும் சுற்றி இருப்பார்கள். காசைப் பற்றவைத்து வாங்கிவரும் பொறுப்பு சிவப்பிரகாசத்துக்கு. பத்தர் அதை ரோஸ் நிறக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டியில் வைப்பதற்காகப் பையில் வைத்திருந்த பழைய பித்தளை டோக்கனைக் கொடுத்து, "இதையும் அதே மாதிரி மடிச்சுக் குடுங்க, பார்க்கப் புதையல் மாதிரி இருக்கும்," என்றான். பத்தர் மடித்துக் கொடுத்தார். இரண்டு ரோஸ் பொட்டலமும் ஒரே சட்டைப்பைக்குப் போயின.

பூங்காவில் கூட்டம். ஆட்டத்தின் விதிப்படி, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, கையை மட்டும் பெட்டிக்குள் விட்டு ஒரு பொட்டலத்தைப் போட்டான். வெளியாள் யாரும் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் தமயந்தி பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஏதோ பழைய ஓட்டலின் பெயர் பொறித்த டோக்கன் இருந்தது.

"இதை நாளைக்குக் கழுத்துல கட்டிக்கவா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் காசு அவளுடைய அம்மா தன் காதில் கிடந்த தோட்டை அழித்துச் செய்து போட்டது. அம்மா இப்போது இல்லை. வேறு காசு வாங்கிக் கோத்துக்கொள்ளலாம் என்று சிவப்பிரகாசம் தொடங்கிய வாக்கியத்தை முடிக்க அவள் விடவில்லை.

ஆகவேதான் இந்தப் பயணம். இலேசாகத் தனியே போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் பெட்டியைப் பராமரிக்கும் பொறுப்பு கேப்டனிடம் இருந்தது. ஒளித்தவர் பெங்களூருக்குக் குடிபோய்விட்டார். கேப்டனுக்குத் தெரியாமல் வைத்ததைத் திரும்ப எடுப்பது விதிமீறல். அதனால் சிவப்பிரகாசம் அவருக்குப் போன் செய்தான். அவர் உடனே குழுவைத் திரட்டினார். திரண்டது மருந்துக்கடை ரியாஸ் ஒருவர்தான். கனத்த உடம்பு, மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"உள்ள என்ன தவறிப்போச்சுன்னா..." என்று பேக்கரியிலேயே தொடங்கினாள் தமயந்தி.

கேப்டன் கையை உயர்த்தித் தடுத்தார். "வேணாம் சிஸ்டர். முக்கியமான பொருள்னு சிவா சொன்னார், அது போதும். என்ன பொருள்னு பேர் சொல்லவே கூடாது. பக்கத்து மேசைக்கும் காது இருக்கு."

பக்கத்து மேசையில் ஒரு குழந்தை பன்னைத் தின்றுகொண்டிருந்தது.

சிவப்பிரகாசத்துக்கு நிம்மதி. பேர் சொன்னால் மானம் போகும். ஐந்து நிமிட வேலைக்கு இவர்களோடு எதற்கு வாதம் என்று தமயந்தியும் விட்டுவிட்டாள்.

"நீங்க எல்லாம் நாளன்னிக்குப் பேப்பர் பாருங்க," என்றார் கேப்டன், மேல்சட்டையின் ஒரு பையைத் தட்டியபடி. "ஒரு கண்டுபிடிப்பு செஞ்சிருக்கேன். இந்த ஊர்ச் சரித்திரத்தையே மாத்தி எழுதணும். இப்ப எதுவும் சொல்ல மாட்டேன். நிருபர்களை நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்கேன்."

"என்ன, தண்ணியில கிருமி இருக்கா?" என்றார் ரியாஸ்.

கேப்டன் ஊதலை ஊதினார். பயணம் சாலையைக் கடந்தது.

பூங்காவின் நடுவே ஒரு கருங்கல் பீடம். அதன்மேல் ஒரு ஜோடி வெண்கல பூட்ஸ். பூட்ஸுக்கு மேலே ஆள் கிடையாது.

ஒரு காலத்தில் அங்கே ஒரு துரை நின்றிருந்தார். பஞ்ச காலத்தில் வரியைக் கூட்டியவர். அவர் ஊர்மாற்றலாகிப் போனபோது, உள்ளூர்ப் பிரமுகர்கள் வசூல் செய்து அவருக்குச் சிலை வைத்தார்கள். மாற்றலுக்காக வைத்தார்களா, வரிக்காகவா என்று தெரியவில்லை. சுதந்திரம் வந்ததும் அதே பிரமுகர்களின் மகன்கள் சிலையை எடுக்கக் கோரி ஊர்வலம் போனார்கள். பூட்ஸ் கல்லோடு ஈயம் ஊற்றிப் பதித்திருந்ததால் அசையவில்லை. கணுக்காலுக்குச் சற்று மேலே அறுத்து மீதியைக் கொண்டுபோனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்பதற்கு இன்று பதில் சொல்ல ஆள் இல்லை. பூட்ஸ் மட்டும் நின்றது. அதற்கு ஒரு கம்பிவேலி, ஒரு பலகை. 'வரலாற்றுச் சின்னம். ஏறுதலும் கிறுக்குதலும் தண்டனைக்குரியவை.' பலகை முழுவதும் கிறுக்கியிருந்தது.

உள்ளே வெற்றிடமாக வார்த்த பூட்ஸ் என்பதால், மக்கள் அதைக் குப்பைத்தொட்டியாகப் பயன்படுத்தினார்கள். கடலைத்தோல், ஐஸ் குச்சி, சுண்டல் காகிதம். துரைக்கு இந்த ஊர் காட்டிய மரியாதைகளில் அதுதான் ஓரளவு நியாயமானது. பெட்டியை ஒளித்தவர் முதலில் காந்தம் வைத்த டப்பாவை வாங்கிவந்து பூட்ஸின் பக்கவாட்டில் ஒட்டினார். வெண்கலத்தில் காந்தம் ஒட்டாது என்பது, அது கீழே விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதன் பிறகே இடது பூட்ஸுக்குள் போட்டார்.

பயணக் குழு பாதாம் மரத்தடியை நெருங்கியபோது கேப்டன் சட்டென்று நின்றார். ரியாஸ் அவர்மேல் மோதிக்கொண்டார்.

பீடத்தின் மேல் ஒரு கொத்தனார் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கீழே சித்தாள் ஒருத்தி கலவை குழைத்துக்கொண்டிருந்தாள். பூட்ஸில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடுகிறது என்று யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். பூங்காவின் ஒப்பந்தக்காரர் எளிய வழி ஒன்றைக் கண்டிருந்தார். இரண்டு பூட்ஸையும் சிமெண்டுக் கலவையால் நிரப்பிவிடுவது.

வலது பூட்ஸ் ஏற்கெனவே வாய்வரை நிரம்பி, மேலே வழவழப்பாகத் தேய்த்திருந்தது.

"போய்ச் சொல்லுங்க," என்றாள் தமயந்தி.

"யார்கிட்ட?"

"அந்தக் கொத்தனார்கிட்டதான். வேற யார்கிட்ட, துரைகிட்டயா?"

"அவர் வெளியாள்," என்றார் கேப்டன், ஒரு நோயின் பெயரைச் சொல்வதுபோல. "வெளியாளுக்குத் தெரிஞ்சா பெட்டி செத்துப்போச்சுன்னு அர்த்தம். இணையதளத்துல இருந்தே தூக்கிடுவாங்க. நம்ம மாவட்டத்துலயே இது ஒண்ணுதான் கண்டுபிடிக்கறது கஷ்டம்னு நாலு நட்சத்திரம் வாங்கின பெட்டி."

"சிமெண்டு போட்டா மட்டும் உயிரோட இருக்குமா?"

"அதுக்குத்தான் திட்டம் வேணும்."

திட்டத்தைத் தரையில் ஒரு குச்சியால் வரைந்தார். ரியாஸ் சறுக்குமரத்தருகே மயங்கி விழுவார். கொத்தனாரும் சித்தாளும் உதவிக்கு ஓடுவார்கள். அந்த நேரத்தில் சிவப்பிரகாசம் வேலியைத் தாண்டிப் பீடத்தில் ஏறிப் பெட்டியை எடுப்பான். கேப்டன் மரத்தடியிலிருந்து நிலைமையைக் கண்காணிப்பார்.

"நான் ஏன் விழணும்?" என்றார் ரியாஸ்.

"உங்களுக்குத்தான் மருத்துவ அனுபவம் இருக்கு."

"நான் மாத்திரை விக்கிறவன். விழுந்து பழக்கம் இல்ல."

இருந்தும் போனார். சறுக்குமரத்தருகே மணல் மெத்தென்று இருக்கும் இடமாகப் பார்த்து, முதலில் ஒரு கையை ஊன்றி, பிறகு முட்டி போட்டு, மெல்லச் சாய்ந்தார். யாரும் ஓடி வரவில்லை. பிள்ளையை விளையாட விட்டிருந்த ஒரு பெண், "இருட்டறதுக்குள்ளயே குடிச்சிட்டு வந்து படுத்துக்குதுங்க," என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். காவலாளி வந்து கைத்தடியால் அவருடைய தோளைத் தட்டி, "எந்திரி, வெளிய போய்ப் படு," என்றான். கொத்தனார் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இடது பூட்ஸுக்கான முதல் சட்டிக் கலவையைத் தூக்கினார்.

தமயந்தி கணவனைப் பார்த்தாள். அவன் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் ஊதலை வாயில் வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தார்.

கலவை இடது பூட்ஸுக்குள் சரிந்தது.

அப்போதுதான் சிவப்பிரகாசம் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடினான். வேலியில் கால் தட்டி, மறுபக்கம் விழுந்து, எழுந்து, பீடத்தின் பின்பக்கம் ஏறி, கொத்தனார் கலவை எடுக்கக் குனிந்த நேரத்தில் பூட்ஸுக்குள் முழங்கைவரை கையை விட்டான். விரலில் டப்பா தட்டுப்பட்டது. இறுக்கிப் பிடித்தான். இழுத்தான். பிடித்த கை வரவில்லை. நேற்று செங்குத்தாக எளிதில் வந்த டப்பா, கலவை விழுந்ததில் சரிந்து குறுக்கே கிடந்தது. டப்பாவை விட்டால் கை வரும், கையை மூடினால் வராது. துரையின் கணுக்கால் அவ்வளவு ஒல்லி.

கொத்தனார் நிமிர்ந்தார். கையில் சட்டி, எதிரே பூட்ஸுக்குள் கையை விட்ட ஒரு மனிதன்.

"யோவ், யாருய்யா நீ?"

சிவப்பிரகாசம் விதியை நினைத்தான். "சும்மா பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றான்.

"கையை உள்ள விட்டா பார்க்கறது?"

மரத்தடியிலிருந்து ஊதல் ஒலித்தது. "பின்வாங்கு," என்று கேப்டன் அடக்கிய குரலில் கத்தினார். "சிவா, ரத்து, பின்வாங்கு."

"எடுக்கிறியா, அப்படியே வச்சுப் பூசிரட்டுமா?" என்றார் கொத்தனார். அவருக்கு இருட்டுவதற்குள் வேலை முடிய வேண்டும்.

தமயந்தி மரத்தடியை விட்டு வெளியே வந்தாள். எந்த அவசரமும் இல்லாமல் நடந்து, வேலிக்கதவைத் திறந்தாள். அதற்குத் தாழ்ப்பாளே கிடையாது. குழுவில் யாரும் அதுவரை அதைத் தள்ளிப் பார்த்திருக்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. என் தாலிக்காசு உள்ள விழுந்துடுச்சு."

கொத்தனார் சட்டியைக் கீழே வைத்த வேகத்தில் கலவை அவர் காலிலேயே தெறித்தது.

"தாலிக்காசா? ஏம்மா, வந்தவுடனே சொல்ல வேணாமா? கலவை வேற ஊத்திட்டேனே. ஏ செல்வி, அந்தக் குண்டானை எடு, தண்ணி மோந்துட்டு வா."

சித்தாள் ஓடினாள். போகிற வழியில் பலூன்காரரிடம் சொன்னாள். பலூன்காரர் சுண்டல் விற்பவரிடம் சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்த பெண் திரும்பி வந்தாள். காவலாளி ரியாஸை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். நடைப்பயிற்சிக்காரர்கள் நடையை நிறுத்தினார்கள். பீடத்தைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. நாளைக்கு ஆடிப்பெருக்கு என்று ஒருத்தி உச்சுக்கொட்டினாள். கேப்டன் தன் திட்டத்தில் எதிர்பார்த்திருந்த மக்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். உண்மையைச் சொன்னதும் வந்துவிட்டார்கள்.

"கையை அசைக்காதீங்க சார்," என்று சொல்லி, கொத்தனார் ஈரக் கலவையை விரலாலேயே தோண்டித் தோண்டி எடுத்தார். சுண்டல்காரர் எண்ணெய் கொண்டுவந்து பூட்ஸின் விளிம்பில் ஊற்றினார். காவலாளி சிவப்பிரகாசத்தின் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். சித்தாள் தண்ணீரைச் சாய்த்தாள். "டப்பாவைச் செங்குத்தா திருப்பு," என்று யாரோ சொன்னார்கள். "எங்க வீட்டுப் பைப்புலயும் இப்படித்தான்," என்று தொடங்கிய இன்னொருவரை எல்லோரும் அதட்டினார்கள். முழங்கையில் தோல் உரிய, சிவப்பிரகாசம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

கை வந்தது. கையோடு டப்பாவும் வந்தது. கூட்டம் கைதட்டியது. ரியாஸ் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

தமயந்தி டப்பாவை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்துத் திறந்தாள். ஒரு பொம்மைக் கார். ஒரு சாவிவளையம். இரண்டு கோலிக்குண்டு. கண்டுபிடித்தவர்கள் தங்கள் பெயரை எழுதுகிற காகிதச் சுருள். ஓர் ஆரஞ்சு ஊதல்.

ரோஸ் பொட்டலம் இல்லை.

சிவப்பிரகாசத்தின் முகம் சிமெண்டு நிறத்துக்குப் போனது. "நேத்து இதுலதான் போட்டேன், சத்தியமா," என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊதலை எடுத்து, அதில் அச்சாகியிருந்த பெயரைப் படித்தாள்.

தலையைத் திருப்பினாள். கேப்டன் அப்போதுதான் மரத்தடியை விட்டு வந்துகொண்டிருந்தார். கழுத்தில் அதே ஊதல்.

"கேப்டன் சார், நீங்க இன்னிக்கு இங்க வந்தீங்களா?"

"காலையில ஆய்வுக்கு வருவேன், தினமும்..." என்றவர், ஊதலைப் பார்த்ததும் நிறுத்தினார். அவருடைய கை தானாக மேல்சட்டையின் ஒரு பைக்குப் போனது.

"எடுங்க," என்றாள் தமயந்தி.

"சிஸ்டர், இது வேற. இது ஒரு தொல்லியல் சான்று. சோழர் காலத்துத் தங்கக் காசு. உட்கார்ந்த நிலையில ஒரு ராணி. யாரோ மதிப்புத் தெரியாம ரோஸ் காகிதத்துல சுத்திப் போட்டிருக்காங்க. விதிப்படி பதிலுக்கு நான் ஒரு பொருள் வச்சிட்டுத்தான் எடுத்தேன்."

"காமிங்க."

பைக்குள்ளிருந்து ஒரு பஞ்சுப் பொதி வந்தது. அதைப் பிரித்தார். மாலை வெளிச்சத்தில் லட்சுமி தாமரைமேல் உட்கார்ந்திருந்தாள்.

ரியாஸ் எட்டிப் பார்த்தார். "ராணிக்கு வளையம் நேத்துதான் பத்தவச்சிருக்காங்கபோல. பளபளன்னு இருக்கு."

"அந்தக் காலத்துப் பெண்கள் காசுமாலை..." என்று கேப்டன் தொடங்கினார்.

"இந்தக் காலத்துலயும் போடுறோம் சார்," என்றாள் சித்தாள் செல்வி, கழுத்துக் கயிற்றைத் தொட்டுக் காட்டி.

கூட்டம் சிரித்தது. கேப்டனின் சோழப் பேரரசு அந்தச் சிரிப்பில் முடிந்தது. தமயந்தி காசை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகினாள். அதன் பிறகுதான் மூச்சு விட்டாள்.

"பொருள் முக்கியம்னு சொன்னீங்களே தவிர, இதுன்னு சொல்லலையே சிவா," என்றார் கேப்டன் பலவீனமாக.

"நான் சொல்ல வந்தேன்," என்றாள் தமயந்தி. "குழந்தை கேட்டுடும்னு நீங்கதான் நிறுத்தினீங்க."

அத்துடன் விட்டிருந்தால் கேப்டனுக்கு ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆனால் அவருக்கு விதி நினைவுக்கு வந்தது. "எடுத்தா வைக்கணும் சிஸ்டர். சமமான மதிப்பு, இல்லேன்னா அதுக்கு மேல. வெளியாள் பார்த்துட்டாலும் விதி விதிதான்."

தமயந்தி சற்று யோசித்தாள். பிறகு கணவனின் இடுப்புவாரில் மாட்டியிருந்த மஞ்சள் நிற இடங்காட்டிக் கருவியைக் கழற்றினாள். தீபாவளிக்கு அவளுக்கு வாங்குவதாகச் சொன்ன மிக்சிக்குப் பதிலாக அவன் வாங்கியது. அவன் வாயைத் திறந்தான். முழங்கை எரிந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"இது சரியா இருக்குமா சார்?"

"அது ரொம்ப அதிகம்."

"அதிகமா இருந்தா தப்பில்லைன்னு நீங்கதான சொன்னீங்க."

கருவியை டப்பாவுக்குள் வைத்தாள். ஊதலுக்கு இடமில்லாததால் அதைக் கேப்டனிடமே திருப்பிக் கொடுத்தாள். மூடியை அழுத்தி மூடி, டப்பாவை இடது பூட்ஸுக்குள் போட்டாள்.

"இப்ப ஊத்துங்கண்ணே."

கொத்தனார் சிவப்பிரகாசத்தைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். கலவை நிறைந்தது. கரண்டியால் மேலே இரண்டு தேய்ப்பு. துரையின் பாதங்கள் கடைசியில் ஒரு வேலைக்கு ஆகின.

பயணம் ஆட்டோவில் வீடு திரும்பியது. வழியில் அவன் கேட்டான், "கோபமா?" அவள், "எதைத் தொலைச்சேன்னு சொல்றதுக்கே வெக்கப்படற ஆளோட எதுக்குக் கோபம்?" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, அவன் முழங்கையைத் திருப்பிப் பார்த்து, "வீட்டுக்குப் போனதும் மஞ்சள் வைக்கிறேன்," என்றாள். தொலைந்தது தாலிக்காசு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பேக்கரியிலேயே ஒரு பஞ்சுப் பொதி மேசைக்கு வந்திருக்கும். கயிறும் விளக்கும் கடைசிவரை பைக்குள்ளேயே இருந்தன.

அன்றிரவே கேப்டன் இணையதளத்தில் பதிவு போட்டுவிட்டார். 'கடினம்: ஐந்து நட்சத்திரம். இயற்கைச் சீற்றத்தால் பெட்டி நிரந்தரமாக மூடப்பட்டது. அதற்கு முன் குழு துணிச்சலாகச் செயல்பட்டு முக்கியப் பொருளை மீட்டது. வெளியாள் ஒருவருக்கும் தெரியாது.'

மறுநாள் காலை காவிரி நிறைந்து போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் தமயந்தி புதுக் கயிற்றில் குண்டும் காசும் கோத்து, மாமியார் கையால் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் காப்பரிசி படைத்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண் அவளை உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, நேத்து பூட்ஸ் பார்க்குல தாலிக்காசு கிடைச்சுதாமே, அது நீதானா?"

மாமியார் நிமிர்ந்தார். நாத்தனார்கள் நிமிர்ந்தார்கள். அடுத்த படியில் இருந்தவர்களும் நிமிர்ந்தார்கள்.

சிவப்பிரகாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரின் ஆழம் பார்ப்பதுபோல இன்னும் இரண்டு படி கீழே இறங்கினான்.